ரூட்டரை அணைத்துப் போட்டும் அதே ஐபி முகவரியா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்போம்

வீட்டு இணையத்தின் பொது ஐபி முகவரியை மாற்ற வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரூட்டரை அணைத்துப் போடு." சிலருக்கு உடனே மாறிவிடுகிறது. சிலருக்கு இரவு முழுக்க அணைத்து வைத்தாலும் காலையில் அதே எண் வந்து நிற்கிறது. இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. வித்தியாசம் ரூட்டரில் இல்லை, கம்பியின் மறுமுனையில் இருக்கிறது.

அந்த முகவரி உங்கள் பெட்டிக்குள் இருக்கும் பொருள் இல்லை. இணைய சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் "இன்னாருக்கு இந்த எண், இத்தனை மணி வரை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி அழிய வேண்டும். இல்லையென்றால் அந்தப் பதிவேட்டுக்கு நீங்கள் வேறு ஆளாகத் தெரிய வேண்டும். கீழே வரும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைச் செய்யத்தான்.

## முதலில் இரண்டு எண்களை எழுதி வையுங்கள்

ஒன்று, "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் ஏதாவது ஒரு தளம் காட்டும் எண். மற்றொன்று, ரூட்டரின் நிலைப் பக்கத்தில் "வேன்" (WAN) அல்லது "இன்டர்நெட்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும் எண். ரூட்டருக்குள் நுழையும் முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய தாளிலேயே இருக்கும்.

பார்க்கும்போது விபிஎன் (உங்கள் இணையத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி) ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ஆப்பிள் சாதனத்தில் ஐகிளவுட் பிரைவேட் ரிலே போட்டிருந்தால் சஃபாரியில் தெரிவது உங்கள் முகவரியே இல்லை. ஒருமுறை அரை மணி நேரம் ரூட்டரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் என் உலாவியில் ஒரு விபிஎன் நீட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். ரூட்டர் பாவம், மூன்று முறை முகவரியை மாற்றியிருந்தது.

அதே பக்கத்தில் இணைப்பு வகையும் இருக்கும்: பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழைவது) அல்லது நிறுவனத்தின் சர்வர் தானாக எண் தரும் டிஎச்சிபி (சில ரூட்டர்களில் "டைனமிக் ஐபி" அல்லது "ஆட்டோமேட்டிக்" என்று இருக்கும்). அதையும் குறித்துக்கொள்ளுங்கள். "ஸ்டேட்டிக்" என்று இருந்து, எண்ணைக் கையால் நிரப்பியிருந்தால் அது நிறுவனம் உங்களுக்கென்று ஒதுக்கிய நிலையான முகவரி. அதை இங்கிருந்து மாற்ற முடியாது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பழைய எண்ணை வேறு எங்காவது அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அலுவலக சர்வர், தரவுத்தளம், கிளவுட் கணக்கு போன்றவற்றில் "இந்த ஐபியிலிருந்து மட்டும் உள்ளே விடு" என்று எழுதியிருந்தால், முகவரி மாறிய நிமிடமே நீங்கள் வெளியே நிற்பீர்கள். வெளியூரிலிருந்து வீட்டு ரூட்டருக்குள் நுழைந்து இந்த வேலையைச் செய்வதும் வேண்டாம். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிற கதை அது.

## அறிகுறி: கணினியில் கட்டளை கொடுத்தேன், வெளி முகவரி மாறவில்லை

விண்டோஸில் "ஐபிகான்ஃபிக்" கட்டளையோடு ரிலீஸ் (எண்ணை விடு), ரென்யூ (மறுபடி வாங்கு) கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அது மாற்றுவது உங்கள் கணினிக்கு ரூட்டர் கொடுத்த உள் முகவரியை மட்டும்தான். 192.168 என்று தொடங்கும் எண் 192.168.1.5-லிருந்து 192.168.1.9 ஆனாலும் வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்குள் அறை மாறி உட்கார்ந்தால் வாசல் எண் மாறுமா?

ரூட்டரே இல்லாமல் மோடத்திலிருந்து நேராகக் கணினிக்குக் கம்பி போயிருந்தால் மட்டும் இந்தக் கட்டளை வெளி முகவரியைத் தொடும். மற்ற எல்லா வீடுகளிலும் வேலை ரூட்டரின் பக்கத்தில்தான்.

## அறிகுறி: ரூட்டரை அணைத்துப் போட்டேன், அதே முகவரி திரும்பி வந்தது

இது டிஎச்சிபி இணைப்பில் மிகச் சாதாரணம். கோளாறே இல்லை, விதிமுறைப்படி நடக்கிறது. 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம் டிஎச்சிபி சர்வர் எந்த வரிசையில் முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறது. இந்த ஆளின் பெயரில் இப்போது ஒரு எண் இருந்தால் அதையே கொடு. குத்தகை (எண்ணை வைத்துக்கொள்ளக் கொடுத்த கெடு) முடிந்தோ விடுவித்தோ இருந்தாலும், முன்பு வைத்திருந்த எண் காலியாக இருந்தால் அதையே கொடு. அதுவும் இல்லையென்றால் அவர் கேட்கிற எண் காலியா என்று பார். எதுவுமே பொருந்தாதபோதுதான் புது எண். அதாவது பழைய ஆளுக்குப் பழைய எண் என்பதுதான் அதன் இயல்பு. உங்கள் ரூட்டரும் சும்மா இருப்பதில்லை. பல ரூட்டர்கள் கடைசி எண்ணை நினைவில் வைத்து, உயிர் வந்ததும் "அதையே கொடுங்கள்" என்று கேட்கின்றன.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிளக்கைப் பிடுங்கினால் ரூட்டர் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது. "எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்ற செய்தி மறுமுனைக்குப் போகவே இல்லை. அங்கே உங்கள் பெயரில் அந்த வரி அப்படியே இருக்கும், குத்தகைக் காலம் முடியும்வரை. அந்தக் காலம் ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு வாரமாகவும் இருக்கலாம். நிலைப் பக்கத்தில் "லீஸ் டைம்" என்று காட்டினால் பாருங்கள். நொடிக் கணக்கில் இருந்தால் 86400 என்பது ஒரு நாள். ரூட்டர் வழக்கமாக இந்தக் காலத்தில் பாதி கழிந்ததுமே புதுப்பித்துவிடும்; ஆகவே இணைப்பு உயிரோடு இருக்கும்வரை குத்தகை தானாகத் தீர்ந்துபோகாது.

ஐந்து நிமிடம் அணைத்து வைப்பது ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். சரி, பலிக்கக்கூடிய வழிகளை எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் நிலைப் பக்கத்தில் "ரிலீஸ்" பொத்தானை அழுத்துங்கள். எண் 0.0.0.0 ஆனதும் உடனே ரென்யூ அழுத்தாமல், மோடத்தையும் ரூட்டரையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுப் போடுங்கள். விடுவித்த எண்ணை அந்த இடைவெளியில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள மாலை நேரத்தில் இதற்கு வாய்ப்பு கூடுதல். ரிலீஸ் அழுத்தி மறுநொடியே ரென்யூ அழுத்துவதில் எந்தப் பயனும் இல்லை. அதே எண் காலியாகத்தானே இருக்கும்?

அது பலிக்கவில்லை என்றால் குத்தகைக் காலத்தைத் தாண்டி அணைத்து வையுங்கள். ஊருக்குப் போகும் நாட்கள் இதற்கு வசதி. போகும்போது ரிலீஸ் கொடுத்துவிட்டு அணைத்துவிடலாம். ஆனாலும் உறுதி கிடையாது. அந்தப் பகுதியில் காலி எண்கள் நிறைய இருந்தால் பழைய எண் யாரும் தொடாமல் உங்களுக்காகவே காத்திருக்கும்.

மூன்றாவது வழி, வேறு ஆளாக வேடம் போடுவது. டிஎச்சிபி சர்வர் பெரும்பாலும் ரூட்டரின் மேக் முகவரியை (கருவிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடையாள எண்) வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. ரூட்டர் அமைப்பில் "மேக் குளோன்" அல்லது "மேக் அட்ரஸ்" என்ற பகுதியில் அதை மாற்றலாம். அது 12 இலக்கங்கள் கொண்டது, 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் வரலாம். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மாற்றினாலே போதும். முழுதாகப் புது எண் போடுவதாக இருந்தால் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கட்டும். "இது தயாரிப்பாளர் கொடுத்த எண் அல்ல, இங்கேயே வைத்தது" என்று சொல்லும் அடையாளம் அது. இரண்டாவது இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் அது பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரியாகிவிடும். பல ரூட்டர்கள் ஏற்கவே மாட்டா.

இதில் வரிசை முக்கியம்: பழைய மேக்கை எழுதி வைத்துக்கொண்டு, முதலில் ரிலீஸ், அப்புறம் மேக் மாற்றம், அப்புறம் மோடத்தை அணைத்துப் போடுவது. ரிலீஸை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த அறிகுறி.

மேக்கை மாற்றி, இணைப்பும் ஒழுங்காக வந்து, அப்போதும் அதே பழைய எண்தான் என்றால், உங்கள் நிறுவனம் ஆளைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கிறது. வழியிலுள்ள அவர்களுடைய கருவி, கோரிக்கை எந்த இணைப்புத் துளையிலிருந்து (போர்ட்) வந்தது என்ற குறிப்பை ஒட்டி அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. "ஆப்ஷன் 82" என்பார்கள். அப்படி இருந்தால் எந்த வேடமும் பலிக்காது. ரூட்டரையே மாற்றினாலும் கம்பி அதேதானே! இதற்குமேல் நேரத்தை வீணாக்காமல் நிறுவனத்தை அழைத்துவிடலாம்.

## அறிகுறி: மேக்கை மாற்றினேன், இணையமே போய்விட்டது

பதற்றம் வேண்டாம், பழைய மேக்கைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏன் போனது என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, ஒரு வீட்டுக்கு ஒரு முகவரிதான் என்ற கட்டுப்பாடு. ரிலீஸ் கொடுக்காமல் மேக்கை மாற்றியதால் பழைய ஆள் இன்னும் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறார், புது ஆளுக்கு இடமில்லை. பழைய மேக்கைப் போட்டு, ரிலீஸ் கொடுத்து, மறுபடி மாற்றுங்கள்.

இரண்டு, கேபிள் மோடம். அது உயிர் வந்ததும் முதலில் பார்க்கும் சாதனத்தின் மேக்கை மனதில் பதித்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாது. மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் மறந்துவிடும். உள்ளே பேட்டரி இருக்கும் மோடமாக இருந்தால் பிளக்கை எடுத்தும் அது அணையாது, விளக்குகளைக் கவனியுங்கள்.

மூன்று, நிறுவனமே உங்கள் மேக்கைப் பதிவு செய்து வைத்து, அதற்கு மட்டும் இணைப்புக் கொடுப்பது. இங்கே மேக் விளையாட்டு வேண்டாம். பழையதைப் போட்டுவிட்டு விலகிக்கொள்வதே நல்லது.

## அறிகுறி: பிபிபிஓஇ இணைப்பு, அணைத்துப் போட்டும் மாறவில்லை

பிபிபிஓஇ-யில் மாறாமல் இருப்பதுதான் ஆச்சரியம். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு புது அமர்வு தொடங்குகிறது, எண்ணும் அநேகமாகப் புதிதாகவே வரும். மேக்கை மாற்றுவதற்கு இங்கே பெரிய அர்த்தம் இல்லை. ஆளை அடையாளம் காட்டுவது பயனர் பெயர்.

இங்கேயும் பிளக்கைப் பிடுங்குவது மோசமான வழி. மறுமுனைக்கு நீங்கள் போனது தெரியாது. அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று கேட்டு, பல முறை பதில் வராத பிறகுதான் அமர்வை மூடும். அதற்குள் நீங்கள் திரும்ப நுழையப் போனால், "ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்று சில நிமிடங்கள் மறுக்கவும் செய்யலாம். கடவுச்சொல் தவறு என்று ரூட்டர் காட்டுவது சில நேரம் இதனால்தான். அந்தப் பதற்றத்தில் சரியான கடவுச்சொல்லை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

ரூட்டர் பக்கத்தில் "டிஸ்கனெக்ட்" அழுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு "கனெக்ட்" அழுத்துங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை. பல முறை செய்தும் அதே எண் என்றால் உங்கள் பயனர் பெயரோடு அந்த எண்ணைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

டிஸ்கனெக்ட் பொத்தானையே காணோம், ஆனால் இணைப்பு பிபிபிஓஇ என்று உங்களுக்குத் தெரியும் என்றால், நுழைவு வேலையை ரூட்டர் செய்யவில்லை, நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டி செய்கிறது. அந்தப் பெட்டியின் பக்கத்துக்குள் போய்த் தேடுங்கள்.

## அறிகுறி: ரூட்டர் காட்டுவது ஒன்று, வெளித் தளம் காட்டுவது வேறு

தொடக்கத்தில் எழுதி வைத்த இரண்டு எண்களும் ஒன்றாக இல்லையென்றால் மேலே சொன்ன வழிகள் எல்லாம் பாதிதான் பலிக்கும். நடுவில் இன்னொரு கருவி நிற்கிறது. அது உங்களுடையதா, நிறுவனத்தினுடையதா என்பதுதான் கேள்வி.

ரூட்டர் காட்டும் எண் 100.64-இலிருந்து 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சிஜிநாட். நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் அடுக்குவதற்கென்றே 2012-இல் ஒதுக்கிய தொகுதி அது. ஐபிவி4 முகவரிகள் (புள்ளிகளோடு எழுதும் வழக்கமான வகை) மொத்தமே சுமார் 429 கோடி. அவற்றை உலகுக்குப் பிரித்துக் கொடுக்கும் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதன் விளைவைத்தான் இப்போது உங்கள் ரூட்டரில் பார்க்கிறீர்கள்.

எண் 10, 192.168 ஆகியவற்றில் தொடங்கினாலோ 172.16 முதல் 172.31 வரை இருந்தாலோ இரண்டில் ஒன்றாக இருக்கலாம். (172 என்றாலே உள் முகவரி என்று நினைப்பவர்கள் உண்டு. 172.32-க்கு மேல் போனால் அது சாதாரணப் பொது முகவரி.) நிறுவனம் கொடுத்த பெட்டியிலும் வைஃபை இருக்கிறதா, உங்கள் ரூட்டரை அதன் பின்னால் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரூட்டர்கள். வெளியே நிற்கும் பெட்டியின் நிலைப் பக்கத்தில் உள்ள எண்ணை வெளித் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ரிலீஸ், டிஸ்கனெக்ட் எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் செய்ய வேண்டும், உங்கள் ரூட்டரில் அல்ல. இப்படி இரண்டு அடுக்கு வேண்டாம் என்றால் அந்தப் பெட்டியை "பிரிட்ஜ்" முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக மட்டும் இருக்கும் முறை) மாற்றிவிடலாம்.

அங்கேயும் பொருந்தவில்லை என்றால் சிஜிநாட்தான். இதில் உங்களுக்கென்று ஒரு பொது முகவரியே கிடையாது. முகம் தெரியாத பல வீடுகளோடு பங்கிட்டுக்கொள்கிறீர்கள். ஒரு தளம் உங்களைத் தடுத்தால், குற்றம் அந்த வீடுகளில் ஏதோ ஒன்றினுடையதாகவும் இருக்கலாம். இணைப்பைத் துண்டித்துச் சேர்த்தால் உள் எண் மாறி, அதன் விளைவாக வெளி எண்ணும் மாறக்கூடும். ஆனால் வருவதும் இன்னொரு கூட்டுக் குடித்தனம்தான்.

இதை நிரந்தரமாகத் தீர்க்க இரண்டே வழி. நிறுவனத்திடம் "எனக்குத் தனிப் பொது ஐபிவி4 முகவரி வேண்டும், சிஜிநாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். வெறுமனே "ஐபி மாற்ற வேண்டும்" என்றால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். சிலர் இதற்குக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் கேட்டதுமே மாற்றிவிடுவார்கள். இன்னொரு வழி ஐபிவி6, எண்கள் தாராளமாக உள்ள புதிய வகை முகவரி; அதில் பலரோடு பங்கிட வேண்டியதில்லை.

## அறிகுறி: முகவரி மாறிவிட்டது, தளம் இன்னும் தடுக்கிறது

என் அனுபவத்தில் முகவரி மாற்ற வேண்டும் என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை முகவரியே அல்ல. நேர்மையாகச் சொன்னால், இந்தப் பகுதியை முதலில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அப்படி வைத்தால் யாரும் படிப்பதில்லை.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே கணக்கோடு நுழைந்து பாருங்கள். அங்கேயும் தடுத்தால் தடை கணக்கின் மேல். ஆயிரம் முகவரி மாற்றினாலும் போகாது. மொபைல் டேட்டாவில் திறந்து, வீட்டு வைஃபையில் அதே கைபேசியில் திறக்கவில்லை என்றால் முகவரியைச் சந்தேகிக்கலாம். கைபேசியில் இரண்டிலும் திறந்து கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த உலாவியின் குக்கிகளைப் பாருங்கள். மறைநிலைச் சாளரத்தில் திறந்தாலே தெரிந்துவிடும்.

429 என்ற பிழை எண் வந்தால் "குறுகிய நேரத்தில் அதிகம் கேட்டுவிட்டாய்" என்று அர்த்தம். அதற்கு முகவரி மாற்றம் தேவையில்லை, காத்திருந்தால் போதும்.

அடுத்தது ஐபிவி6. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் இணைப்பில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் இருந்தால், இரண்டையும் ஏற்கும் தளத்துக்கு உலாவி பெரும்பாலும் ஐபிவி6 வழியாகவே போகும். நீங்கள் நாள் முழுக்கப் போராடி மாற்றியது ஐபிவி4. தளம் பார்த்துக்கொண்டிருப்பது மற்றதை. முகவரி காட்டும் தளத்தில் புள்ளிகளுக்குப் பதில் முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஓர் எண் தெரிந்தால் அது ஐபிவி6.

அதன் பின்பாதி அடிக்கடி தானாக மாறும். தனியுரிமைக்காகக் கணினியும் கைபேசியும் தற்காலிக முகவரிகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்து "என் முகவரி தினமும் மாறுகிறதே" என்று மகிழ வேண்டாம். முன்பாதி அப்படியே இருக்கும், வீட்டைக் காட்டிக்கொடுப்பது அதுதான். தடுக்கும் தளங்களும் பல நேரம் முன்பாதியை வைத்தே தடுக்கும். அந்த முன்பாதியை ரூட்டர் நிறுவனத்திடமிருந்து டிஎச்சிபிவி6 மூலம் வாங்குகிறது. அங்கே அடையாளம் மேக் அல்ல, டியுஐடி என்ற வேறு எண். அதனால் மேக்கை மாற்றி ஐபிவி4 மாறியும் ஐபிவி6 முன்பாதி மாறாமல் இருப்பது சகஜம். ரூட்டரில் டியுஐடி-யை மாற்ற இடம் இருந்தால் மாற்றலாம். பிரச்சினை எதில் என்று தெரிந்துகொள்ள மட்டும் ஐபிவி6-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துப் பார்க்கலாம். தெரிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

சில தளங்கள் தனி எண்ணைத் தடுப்பதில்லை, அந்தத் தொகுதி முழுவதையும் தடுக்கும். அப்போது 203.0.113.20 போய் 203.0.113.87 வந்தாலும் ஒன்றுதான். அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்பதைத் தவிர வழியில்லை.

கடைசியாக ஒரு கசப்பான சாத்தியம். உங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய கேமராவோ, கணினியோ தொற்றுக்கு ஆளாகி வெளியே குப்பை அனுப்பிக்கொண்டிருந்தால், புது முகவரியும் சில நாளில் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். "மாற்றினால் சரியாகிறது, நாலு நாளில் மறுபடி தடை" என்ற தாளம் கேட்டால் ரூட்டரை விட்டுவிட்டு வீட்டிலுள்ள சாதனங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பாருங்கள். வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வர் வைத்து, அஞ்சல் திரும்பி வருகிறது என்பவர்களுக்கு வேறு காரணம். வீட்டு இணைப்புக்கான முகவரித் தொகுதிகளை குப்பை அஞ்சலைத் தடுக்க உதவும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியல் மொத்தமாகவே சேர்த்து வைத்திருக்கிறது. நீங்கள் தவறு செய்ததாக அர்த்தமில்லை. எந்த எண் வந்தாலும் பட்டியலில்தான் இருக்கும். அஞ்சல் சேவை தரும் ஒருவரின் சர்வர் வழியாக, 587 போர்ட்டில் உள்நுழைந்து அனுப்புங்கள்.

## அறிகுறி: யாரோ தாக்குகிறார்கள் என்று மாற்றினேன், மறுபடி கண்டுபிடித்துவிட்டார்கள்

விளையாட்டில் சண்டை வந்து யாரோ இணைப்பை மூழ்கடிக்கிறார்கள் என்றால் முகவரி மாற்றுவது நியாயமான முதல் வேலைதான். புது எண் வந்தும் தாக்குதல் பின்தொடர்ந்தால், அதை நீங்களே அவர்களிடம் கொடுக்கிறீர்கள். டைனமிக் டிஎன்எஸ் பெயர் வைத்திருக்கிறீர்களா? முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயரும் புது எண்ணைக் காட்டும். அது அதன் வேலை. பெயர் தெரிந்தவர் எண்ணைத் தேட வேண்டியதே இல்லை. பெயரை மாற்றிய பிறகு முகவரியை மாற்றுங்கள். வீரர்களை ஒருவரோடு ஒருவர் நேராக இணைக்கும் விளையாட்டுகளும் முகவரியைக் காட்டிக்கொடுக்கும். நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். வெள்ளத்தை அவர்கள் பக்கத்தில்தான் தடுக்க முடியும், உங்கள் வாசலுக்கு வந்தபின் ரூட்டரால் ஒன்றும் செய்ய இயலாது.

## அறிகுறி: புது முகவரியில் ஊர் தவறாகக் காட்டுகிறது

இது இணைப்பின் கோளாறு இல்லை. எந்த எண் எந்த ஊர் என்று தனியார் நிறுவனங்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் பழையதாக இருக்கிறது. மேக்ஸ்மைண்ட் போன்றவை திருத்தம் அனுப்பப் படிவம் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு பட்டியலைப் பார்ப்பதால் ஓர் இடத்தில் திருத்தியும் இன்னோர் இடத்தில் தவறாகவே இருக்கும். அவசரமென்றால் இன்னொரு முறை முகவரியை மாற்றிப் பார்க்கலாம்.

## அறிகுறி: மாறிய பிறகு வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்குள் போக முடியவில்லை

பழைய எண்ணை எங்காவது நேராக எழுதி வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டைனமிக் டிஎன்எஸ் பெயர் என்றால் அது புது எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சில நிமிடம் பொறுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் வரவில்லையா? பொது முகவரி மாறியதால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டிலுள்ள ஒரு சாதனத்துக்கு அனுப்பும் ரூட்டர் விதி) வழக்கமாகக் கெடுவதில்லை. நீங்கள் ரூட்டரை அணைத்துப் போட்டபோது கேமராவின் உள் முகவரி மாறியிருக்கும்; விதி பழைய உள் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கேமராவுக்கு ஓர் உள் முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள், அடுத்த முறை இந்தத் தொல்லை இராது. சோதிக்கும்போது மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபைக்குள் இருந்துகொண்டே பொது முகவரியை அழைத்தால் பல ரூட்டர்கள் திருப்பி உள்ளே விடாது.

## அறிகுறி: ரிலீஸ் கொடுத்தபின் முகவரியே வரவில்லை

எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். ரூட்டரின் பக்கத்தில் 0.0.0.0 என்று நின்றால் ரூட்டருக்கு நிறுவனத்திடமிருந்து எண் கிடைக்கவில்லை. மோடம் முதலில், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரூட்டர் என்ற வரிசையில் போடுங்கள். கணினியில் 169.254 என்று தொடங்கினால் அது வேறு விஷயம். கணினிக்கும் ரூட்டருக்கும் இடையேதான் பேச்சு நின்றிருக்கிறது; கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. கம்பியை அல்லது வைஃபையைத் துண்டித்துச் சேர்த்தால் போதும், நிறுவனத்தை அழைக்க வேண்டாம்.

## அறிகுறி: மாற வேண்டாம் என்றாலும் தினம் நாலு முறை மாறுகிறது

சிலருக்கு இந்த வரம் சாபமாக வரும். பிபிபிஓஇ-யில் அடிக்கடி எண் மாறினால் அமர்வு அடிக்கடி அறுந்து மறுபடி தொடங்குகிறது என்று அர்த்தம். ரூட்டரில் "கனெக்ட் ஆன் டிமாண்ட்" என்ற தேர்வு இருந்தால் அது சும்மா இருக்கும் நேரத்தில் தானே துண்டிக்கும். "எப்போதும் இணைப்பில்" என்று மாற்றுங்கள். அது சரியாகவே இருந்தால் ரூட்டர் எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்ற கணக்கைப் பாருங்கள். அதுவும் ஒவ்வொரு முறை பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ரூட்டரே அணைந்து எழுகிறது. மின் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ரூட்டர் ஓடிக்கொண்டே இருந்து இணைப்பு மட்டும் அறுந்தால் கம்பியில் கோளாறு. ரூட்டரின் பதிவுப் பக்கத்தில் (லாக்) துண்டிப்பு நேரங்களை எழுதிக்கொண்டு நிறுவனத்தை அழையுங்கள். "அடிக்கடி போகிறது" என்பதைவிட "நேற்று 2.10, 4.35, 9.50" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் கம்பியைச் சோதிக்கத் தொடங்குவார்.